கால் முன்னே பிறந்தவள்

செல்லக்கண்ணு வண்டியை நின்றுகொண்டே ஓட்டிவந்த அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிராங்கூன் ரோட்டில் மாட்டு வண்டிக்காரன் நின்றுகொண்டு ஓட்டினால் ஒன்று அவன் குடித்திருப்பான், இல்லை எதிரே டிராம் வந்துகொண்டிருக்கும். செல்லக்கண்ணுவுக்குக் குடி கிடையாது. டிராமும் வரவில்லை. அரிசி மூட்டையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, வலது பாதத்தைப் பலகையில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தான்.

"என்னா தம்பி, ஒக்கார எடம் இல்லையா வண்டியில?" என்று கடைக்குள் இருந்தே கேலி செய்தேன்.

"ஒக்காந்தா உசுரு போவுதுண்ணே" என்றான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கேலி வரவில்லை.

நான் ஹனீபா. நாகூரிலிருந்து வந்து தேக்காவுக்குக் கொஞ்சம் வடக்கே கடை போட்டிருந்தேன். நல்லெண்ணெய், புகையிலை, வெற்றிலை, கருவாடு எல்லாம் கிடைக்கும். அதோடு யாரும் கேட்காத யோசனையும் கிடைக்கும். எண்ணெயை அளந்து கொடுப்பேன், யோசனைக்கு அளவு கிடையாது. என் கடைக்கு எதிரேதான் பாலகிருஷ்ண முதலியாரின் வண்டிக் கொட்டடி. இருபது சோடி மாடு. அதன் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அறைகள் ஒரு வரிசை. மாடு யார் பொறுப்போ அறையும் அவனுக்கு. செல்லக்கண்ணுவின் பொறுப்பில் ஒரு மயிலை, ஒரு செவலை. கடைசி அறையில் அவனும் அவன் பெண்டாட்டி பூவம்மாவும் இருந்தார்கள். மன்னார்குடிப் பக்கம். இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை.

அது ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய வருஷம். ஆனி மாதத்தில் ஊர் முழுக்கக் கட்டிய தோரணத் துணிகள் ஐப்பசி மழையில் சாயம் போய் அங்கங்கே தொங்கிக்கொண்டிருந்தன. ரோச்சோர் கால்வாய் நிரம்பி, கொட்டடி முற்றத்தில் கணுக்கால் அளவுக்குச் சாணித் தண்ணீர் நின்றது. ஆற்றங்கரையிலிருந்து அரிசி ஏற்றிவரும் வண்டிக்காரர்களுக்கு அந்த மாதம் நரகம். மூட்டை நனைந்தால் கனம் கூடும், நனைந்த சாக்கு கையில் பிடிபடாமல் வழுக்கும். ஒரு மூட்டை ஒன்றரைப் பிக்கல், இருநூறு ராத்தல். டொங்காங் படகிலிருந்து பலகை வழியே சீனக் கூலிகள் இறக்கிப் போடுவார்கள். தரையில் கிடப்பதை வண்டிக்காரன்தான் குனிந்து வாரித் தோளில் போட்டு, இடுப்பைத் திருப்பி வண்டியில் எறிய வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது மூட்டை. பிறகு எல்ஜின் பாலத்து ஏற்றம், சிராங்கூன் ரோட்டுப் பள்ளம், வண்டி போடும் குத்து ஒவ்வொன்றும் நேரே இடுப்புக்கு.

அப்படி வாரும்போதுதான் செல்லக்கண்ணுவுக்கு இடுப்பில் ஏதோ சுள்ளென்று பிடித்தது. அதைப் பொருட்படுத்தாமல் மீதி மூட்டையையும் ஏற்றிவிட்டான். மறுநாள் வலி இடுப்பில் இல்லை. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து, சுண்டுவிரல் வரைக்கும் போயிற்று. தும்மினால் கண்ணில் நீர் வந்துவிடும். உட்கார முடியாது, குனிய முடியாது. மயிலைக்கும் செவலைக்கும் தவிடு கரைத்து வைக்கக்கூடப் பூவம்மாதான் போனாள்.

இங்கே பூவம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பும் வாயுப் பிடிப்பும் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் இந்து, முஸ்லிம் எல்லோரும் நம்புகிற சங்கதி. விடியற்காலையில், வெறும் வயிற்றில், யாரோடும் ஒரு வார்த்தை பேசுமுன் மிதிக்க வேண்டும். இடது குதிகாலால் மூன்று தரம். கூலி வாங்கக் கூடாது. வெற்றிலை பாக்கு வாங்கலாம், அந்த வெற்றிலை என் கடையிலிருந்து போகும். நான் பார்க்கவே பத்துப் பன்னிரண்டு வண்டிக்காரர்கள் அவள் வாசலில் குப்புறப் படுத்து, எழுந்து, கையை வீசிக்கொண்டு நடந்து போயிருக்கிறார்கள்.

"எப்புடித் தங்கச்சி தெரியுது, எங்க மிதிக்கிறது, எம்புட்டு மிதிக்கிறதுன்னு?" என்று ஒரு முறை கேட்டேன்.

"நான் எங்கண்ணே மிதிக்கிறேன்? சும்மா கால வச்சி அழுத்துவேன். சத கல்லாட்டம் இருக்கும். கொஞ்சம் பொறுத்தா எளகும். எளகுறது குதிகாலுக்குத் தெரியும். எளகலன்னா எடுத்துருவேன்" என்றாள்.

அதை அன்று நான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

செல்லக்கண்ணு நான்கு நாள் நின்றுகொண்டே வண்டி ஓட்டினான். ஐந்தாம் நாள் கொட்டடி வாசலில் இறங்கும்போது வலது கால் மடங்கிச் சாணித் தண்ணீரில் விழுந்தான். நானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டுபோய் அறையில் போட்டோம். அன்று மாலை வெற்றிலை வாங்க வந்த டிரஸ்ஸர் சுப்பிரமணியத்தைக் கையோடு பிடித்துக்கொண்டு போனேன். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். இந்த ஊரிலேயே பிறந்தவர். சட்டை கசங்காமல் பேசுவார்.

டிரஸ்ஸர் செல்லக்கண்ணுவை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது காலை முட்டி மடங்காமல் மெல்லத் தூக்கினார். ஒரு சாண் உயரம் போவதற்குள் அவன் அலறிவிட்டான். பெருவிரலை மேலே மடக்கச் சொன்னார். இடது பக்கம் மடங்கியது. வலது பக்கம் மடங்க மனமில்லாமல் மடங்கியது.

"இது பிடிப்பு இல்ல. நரம்பு" என்றார். "இடுப்புக்குள்ளேருந்து சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு நரம்பு கால் வரைக்கும் போவுது. அதுதான் வெந்து கெடக்குது."

"மருந்து?" என்றாள் பூவம்மா.

"மருந்து படுக்கைதான். மூணு வாரம். மெத்தையில இல்ல, பாயில இல்ல, தட்டப் பலகையில. முட்டிக்குக் கீழ ஒரு தலகாணி. மணல வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம். வலி கொறைஞ்ச பெறகு கொஞ்சம் கொஞ்சமா நடக்கலாம். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் குனிஞ்சு தூக்கக் கூடாது. எதைத் தூக்குனாலும் முட்டிய மடக்கிக் குந்தி, பொருள நெஞ்சோட அணைச்சி, காலால எழுந்திரிக்கணும். இடுப்பால இல்ல. தூக்குன கையோட இடுப்பத் திருப்பவும் கூடாது."

"அப்புடித் தூக்குனா ஒரு நாளைக்குப் பத்து மூட்டகூட ஏறாதுங்க" என்றான் செல்லக்கண்ணு.

"அப்ப பத்து மூட்ட ஏத்து லா. கால் வேணுமா, அறுபது மூட்ட வேணுமா?" என்று கேட்ட டிரஸ்ஸர், பூவம்மாவைப் பார்த்து, "நீங்க மிதிப்பீங்களாமே. இவர மட்டும் மிதிச்சிராதீங்க" என்றார்.

"கட்டுன புருசன யாராவது மிதிப்பாங்களாங்க" என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள் பூவம்மா.

பலகை என் கடையிலிருந்து போனது. கருவாட்டுப் பெட்டிகள் அடுக்கியிருந்த செங்கால் மரப் பலகை, ஆள் நீளம், இரண்டு விரற்கடை கனம். பூவம்மா அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஆனாலும் கருவாட்டு வாடை போகவில்லை. "எனக்கு ராத்திரி பூரா சோறு தின்னுற மாதிரியே இருக்குண்ணே" என்றான் செல்லக்கண்ணு. பாவி, அந்த வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் செய்த வைத்தியத்தை நான் பார்த்தேன். வேலியில் படர்ந்திருந்த முடக்கத்தான் இலையைப் பறித்து ரசம் வைத்தாள். நொச்சியும் எருக்கிலையும் விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினாள். மழையில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது? டிராம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கொட்டியிருந்த மணலை மடியில் அள்ளிவந்து சட்டியில் போட்டு வறுத்தாள். அவன் பங்கு மாட்டையும் அவளே குளிப்பாட்டிவிட்டு, அந்தக் கையைக் கழுவிக்கொண்டு பழைய சோற்றைப் பிசைந்து, படுத்திருந்தவன் வாயில் ஊட்டினாள். கடித்துக்கொள்ள என் கடை நெத்திலி. ஆறாவது நாள் ஓடிவந்து, "அண்ணே, வலி கெண்டக்கால விட்டு மேல ஏறிருச்சி. இப்பத் தொடையோட நிக்கிதாம்" என்றாள். டிரஸ்ஸரிடம் சொன்னேன். "நல்ல குறி. அசையாம கெடக்கட்டும்" என்றார்.

எட்டாவது நாள் புதன்கிழமை. முதலியார் குடையோடு வந்து அறை வாசலில் நின்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் என் பங்கு குறைந்துவிடும்.

"டே செல்லக்கண்ணு, ரங்கூன் கப்பல் ரெண்டு வந்து நிக்கிது. அரிசி யாவாரி சீனத் தவுக்கே ஆத்தங்கரை பூரா மூட்டய எறக்கி வச்சிட்டு மழையப் பாத்து கத்துறான். ஒன் மாடு கட்டுத்தறியில நின்னு தின்னுக்கிட்டிருக்கு. எத்தினி நாளைக்கு நான் பாக்குறது? வெள்ளிக்கெழம காலையில நீ பூட்டுனா நீ பூட்டு. இல்லாட்டிக் காத்தமுத்து பூட்டுவான்."

"இன்னும் ரெண்டு வாரம் பொறுக்கக் கூடாதுங்களா மொதலாளி?" என்றாள் பூவம்மா, கதவு மறைவிலிருந்து.

"நான் பொறுப்பேன். கப்பல் பொறுக்குமா? மாட்டோட சேந்ததுதான் அறை. ஒங்களுக்குத் தெரியாதது இல்ல."

காத்தமுத்து என்பவன் இளந்தாரி. ஆறு மாதமாகக் கொட்டடியில் சாணி அள்ளிக்கொண்டு, தனக்கு ஒரு சோடி கிடைக்காதா என்று காத்திருந்தான். அவன் மேலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதலியார் போன பிறகு முற்றத்தில் மயிலை கத்தியது. அதற்குச் செல்லக்கண்ணு, "ஏ, இருடா, வர்றேன்" என்று கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

வியாழக்கிழமை முழுக்க அந்த வாசலில் கூட்டம். ஆளுக்கொரு பேச்சு.

"வீட்டுக்குள்ளயே மருந்த வச்சிக்கிட்டு மணல வறுத்துக்கிட்டு இருக்கியேம்மா" என்றார் ஒரு வயதான வண்டிக்காரர். "என்னய மிதிச்சி எழுப்பி விட்டவதானே நீயி? ஊரா வீட்டு இடுப்புக்கு ஒரு ஞாயம், ஒன் வீட்டு இடுப்புக்கு ஒரு ஞாயமா?"

"இது பிடிப்பு இல்லையாம். நரம்பாம்" என்றாள் பூவம்மா.

"டிரஸ்ஸருக்கு என்னா, காச்ச மருந்து கலக்குறவரு. மூட்ட தூக்கியிருக்காரா?"

"அதுவும் போவட்டும். தாலி கட்டுனவரு முதுகுல கால வைக்கச் சொல்றீங்களா? ஏழு சென்மத்துக்கும் அந்தப் பாவம் தீராது."

செல்லக்கண்ணு உள்ளே இருந்து குரல் கொடுத்தான். "பாவம் எனக்கு வரட்டும் பூவு. எங்காலுதான் பாதி சரியாயிருச்சே. மீதியும் விட்டுப்போச்சின்னா நாளைக்கு வண்டி பூட்டிருவேன். இந்த மழையில அறையையும் உட்டுட்டு எங்க போவ? அந்த மாடு காத்தமுத்துகிட்ட அடி தின்னுமே, அத யாரு பாக்குறது?"

"நான் மாட்டேங்க."

"அப்ப எனக்கு வேற வழி சொல்லு."

அவளுக்கு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அதுதான் என் கேடு. அந்த நேரத்தில் அத்தனை பேரும் என்னைப் பார்க்க, நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்:

"ஏன் தங்கச்சி, ஒன் காலு அவர் மேல படக் கூடாது, அவ்வளவுதானே? அவர் படுத்திருக்கிற பலகைய எடுத்து அவர் முதுகு மேல வையி. நீ பலகைய மிதி. காலு பட்டது மரத்துமேல. பாவம் எங்கேருந்து வரும்?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "ராவுத்தர் மண்டையே மண்டை" என்றான். வயதானவர் தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன். பூவம்மா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்று உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு நேரே அங்கே போனேன். வானம் வெளுத்திருந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது. பூவம்மா குளித்து ஈரத் தலையோடு நின்றாள். பேசக் கூடாது என்பதால் வாயை இறுக்கி மூடியிருந்தாள். செல்லக்கண்ணுவைப் பாயில் குப்புறப் போட்டிருந்தது. அவள் முதலில் அவன் காலடியில் விழுந்து கும்பிட்டாள். இரண்டு உள்ளங்காலிலும் நெற்றியை வைத்துக்கொண்டு வெகு நேரம் எழவில்லை. "போதும், எந்திரி புள்ள, மாடு பூட்டணும்" என்றான் அவன்.

பலகையை நான்தான் தூக்கி அவன் இடுப்பின் மேல் குறுக்கே வைத்தேன். ஆடாமல் இருக்க ஒரு நுனியைக் கையால் பிடித்துக்கொண்டேன். மறு நுனி சுவரில் முட்டி நின்றது.

முதல் தரம் இடது குதிகாலை வைத்து அழுத்தினாள். அவள் புருவம் சுருங்கியது. இரண்டாம் தரம் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை, ஆனால் அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. ஒன்றும் தெரியவில்லையே அண்ணே, இளகுகிறதா இல்லையா என்று தெரியவில்லையே, என்று கேட்டாள். மரத்துக்குக் கீழே இருக்கும் சதை குதிகாலுக்கு எப்படித் தெரியும்? இது இப்போது புரிகிறது. அப்போது நான், 'ம், மிதி' என்று தலையை ஆட்டினேன்.

மூன்றாம் தரம் பலகை மேல் முழுதாக ஏறி மிதித்தாள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. செல்லக்கண்ணு அலறவும் இல்லை. "ஹக்" என்று ஒரு மூச்சு விட்டான். நான் பலகையை எடுத்தேன். சிறிது நேரம் கழித்து, பாயில் கன்னத்தை வைத்தபடி அவன் சிரித்தான்.

"பூவு, வலி போயிருச்சி" என்றான். "நெசமாத்தான். இம்மிகூட இல்ல. காலு ரெண்டும் காத்தாட்டம் இருக்கு."

பூவம்மா உட்கார்ந்து அழுதாள். நான், "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். முற்றத்தில் இருந்தவர்கள் மாட்டை அவிழ்க்கப் போனார்கள்.

"எழுந்திரிங்க" என்றாள்.

அவன் கைகளை ஊன்றினான். மார்பு எழுந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் எழவில்லை. தன் காலைத் தானே திரும்பிப் பார்த்தான். "ஏ புள்ள, காலு மேல யாரும் ஒக்காந்திருக்காங்களா?" என்று கேட்டான். யாரும் இல்லை. பாய் நனைந்துகொண்டே போவதை நாங்கள் பார்த்தோம். அவனுக்கு அது தெரியவில்லை.

மயிலையையும் செவலையையும் வெள்ளிக்கிழமை பூட்டத்தான் செய்தார்கள். செல்லக்கண்ணுவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. ஓட்டியவன் காத்தமுத்து. வெள்ளைக்கார டாக்டர் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். டிரஸ்ஸர் சுப்பிரமணியம்தான் தமிழில் கேட்டுச் சொன்னார். பூவம்மா வாயைத் திறக்குமுன் செல்லக்கண்ணு முந்திக்கொண்டான்.

"மூட்ட சரிஞ்சி முதுகுல விழுந்துருச்சிங்க."

"படுத்திருந்த ஆளுக்கு மூட்ட எங்கேருந்து விழுந்துச்சி?" என்றார் டிரஸ்ஸர்.

"காலையில வண்டி பூட்டலாமுன்னு எழுந்து போனேங்க. அப்ப விழுந்துச்சி."

டிரஸ்ஸர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய மன்னர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூட்டை விழுந்தது என்றே எழுதிக்கொண்டார்கள். கொட்டடியிலும் அப்படித்தான் பேச்சு பரவியது. வியாழக்கிழமை வாசலில் நின்று யோசனை சொன்னவர்களுக்கும் மூட்டை விழுந்ததாக இருப்பது வசதியாக இருந்தது.

ஏழு வாரம் கழித்து அனுப்பிவிட்டார்கள். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லையாம். தொடை இரண்டும் மூங்கில் கழி மாதிரி ஆகியிருந்தன. முதலியார் வந்து பார்த்தார். அறையைக் காலி செய்யச் சொல்லத்தான் வந்தார், ஆனால் வாய் வரவில்லை.

"சரி, இருங்க. மாடு காத்தமுத்துகிட்ட போயிருச்சி, அத மாத்த முடியாது. ஆனா, இந்தாம்மா, ஒங்கால் இருக்கில்ல. வண்டிக்காரப் பயலுவ இடுப்பப் புடிச்சிக்கிட்டு ஆளுக்கு நாலு நாள் படுத்துக்குறானுவ. நீ அவனுங்கள எழுப்பி விட்டுக்கிட்டிரு, அறையில இருந்துக்க. சாணி அள்ளுற வேலையும் பாத்துக்க."

அந்த அறை இல்லாவிட்டால் நடக்க முடியாத புருஷனை வைத்துக்கொண்டு அவள் ரோட்டில்தான் இருக்க வேண்டும். தலையை ஆட்டினாள். பகலெல்லாம் சாணி அள்ளி வறட்டி தட்டினாள். இடையிடையே ஓடிவந்து அவனைப் புரட்டிப் போட்டாள். முதுகுப் புண்ணில் வேப்பெண்ணெய் தடவினாள். என் கடைக்கு வருவாள், எண்ணெய் வாங்குவாள், போவாள். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சீனப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, விடியற்காலையில், பூவம்மாவின் வாசலில் ஒருவன் குப்புறப் படுத்துக் கிடந்தான். காத்தமுத்து. முதலியாரே கூட நின்றார். பெருநாளுக்கு முன்னால் ஆற்றங்கரை மூட்டையை எல்லாம் காலி செய்ய வேண்டும் என்று தவுக்கே பிடுங்கிக்கொண்டிருந்தான். நான் கடை திறக்க வந்தவன், வேடிக்கை பார்க்க நின்றேன்.

பூவம்மா சாணிக் கூடையோடு வந்தாள். கூடையை இறக்கவில்லை.

"மிதிச்சி வுடும்மா, நேரமாவுது" என்றார் முதலியார்.

பேசாமல் மிதிக்க வேண்டியவள் பேசினாள். "காத்தமுத்து, வலி இடுப்போட நிக்கிதா, காலுக்கு எறங்குதா?"

"இடுப்புலதான்க்கா" என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு.

"நேத்து வண்டிய நின்னுக்கிட்டே ஓட்டிக்கிட்டு வந்தியே, நான் பாத்தேன். சுண்டுவெரல் வரைக்கும் போவுதா?"

அவன் முகத்தை இன்னும் தரையோடு அழுத்திக்கொண்டான். வண்டி போய்விடுமே என்ற பயம் அவனுக்கு. செல்லக்கண்ணுவுக்கு இருந்த அதே பயம்.

"இவன் என்னா வைத்தியர்கிட்டயா வந்திருக்கான்? மிதி, போ" என்றார் முதலியார்.

பூவம்மா கூடையை இறக்கி வைத்தாள். "நான் மிதிக்க மாட்டேன். எங்க வூட்டுக்காரரு மேல மூட்ட விழல. நான்தான் விழுந்தேன். வலி காலுக்கு எறங்குனவர மிதிச்சி நாந்தான் மொடமாக்குனேன்."

"பூவு!" என்று அறைக்குள்ளிருந்து செல்லக்கண்ணு கத்தினான். "வாய மூடு! மூட்டதான் விழுந்துச்சி! மொதலாளி, அவ புத்தி கெட்டுப் பேசுறா, மூட்டதான் விழுந்துச்சி!"

"நீங்க சும்மா இருங்க. அன்னிக்கி நீங்க பொய் சொன்னதக் கேட்டுத்தான் இவன் இங்க வந்து படுத்திருக்கான். அவரு முதுகுல பலகைய வச்சி, அது மேல ஏறி மிதிச்சேன் மொதலாளி. எந்திரி காத்தமுத்து. போயி ஒரு பலகையில மல்லாந்து படு. மூணு வாரம்."

"பலகை வச்சி மிதிச்சியா?" முதலியாருக்கு நம்ப முடியவில்லை. "எந்த மடப்பய குடுத்த யோசனை அது?"

நான் ஐந்து அடி தூரத்தில் நின்றேன். பூவம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் வச்சேன்" என்றாள்.

'நான்தான்' என்று ஒரு வார்த்தை, இரண்டு உதடு அசைந்தால் வந்துவிடும். யோசனைக்கு அளவே வைக்காதவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கடைச் சாவியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

காத்தமுத்து பயந்துபோய் அன்றே படுத்துவிட்டான். அவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பெருநாளுக்கு ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கிகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள், பதினைந்து நாள் மூட்டையே இல்லை. அது முடிந்து ஒரு வாரமும் முதலியார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மாசிக் கடைசியில் அவன் எழுந்து நடந்தான், வண்டி பூட்டினான். பூவம்மாவின் காலுக்கு அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. புருஷனை முடமாக்கியவள் என்று பெண்கள் அவள் முன்னால் தண்ணீர்க் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். மிதிக்காத காலுக்கு எதற்கு அறை? மாட்டோடு சேர்ந்த அறை, மாடு வைத்திருந்த காத்தமுத்துவுக்குப் போயிற்று.

பங்குனியில் நாகப்பட்டினம் கப்பலில் இருவரையும் ஊருக்கு அனுப்பினார்கள். வண்டிக்காரர்கள் சேர்ந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். தஞ்சோங் பகார் துறைக்கு மயிலையும் செவலையும் இழுத்த வண்டியில் போனார்கள். ஓட்டியவன் காத்தமுத்து. நானும் கூடப் போனேன். ஒரு தகர டப்பாவில் நல்லெண்ணெயும் கொஞ்சம் நெத்திலியும் எடுத்துப் போனேன். வேறென்ன கொடுக்க என்று தெரியவில்லை. வழி முழுக்கச் செல்லக்கண்ணு மாட்டின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டு வந்தான்.

துறையில் வண்டி நின்றது. காத்தமுத்து குதித்திறங்கி வந்து, செல்லக்கண்ணுவின் இடுப்பில் கை கொடுத்துக் குனிந்தான்.

"வுடு" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள் பூவம்மா. "நீ தூக்காத. ஒனக்கு ஆவாது."

வண்டி ஓரத்தில் முட்டியை மடக்கிக் குந்தினாள். புருஷனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இடுப்பு வளையாமல், காலாலேயே எழுந்தாள். எழும்போது கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டடி வைத்து நின்றாள், மூச்சு வாங்கினாள். கப்பலுக்கு ஏறும் பலகைப் பாலம் இன்னும் நாற்பது அடி இருந்தது. காத்தமுத்து கையைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

எனக்கு ஆயுளில் ஒரு நாள்கூட இடுப்பு வலி வந்ததில்லை. தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.